நிறுத்திவிட்டுத் திருத்திய பாதைகள்

நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1861, 62இல் போடப்பட்ட முதல் தண்டவாளம் அகலப்பாதைதான். தலைமை ஆளுநர் டல்ஹௌசி காலத்தில் முடிவான ஐந்தரை அடி அகலம் அது. 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபு செலவைச் சுருக்க, அதைவிடக் குறுகிய மீட்டர் கேஜைக் கொண்டுவந்தார். ஐந்தாண்டுகளில் நாகை தண்டவாளங்களையும் பெயர்த்துக் குறுக்கிப் போட்டுவிட்டார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு அதே மண்ணில் மறுபடியும் அகலப்படுத்தினார்கள். மேயோவைப் பழிப்பது எளிது. ஆனால் அந்தச் சிக்கனம் இல்லையென்றால் எத்தனையோ சிற்றூர்கள் அன்றைக்கு ரயிலையே கண்டிருக்காது. மிச்சம் பிடித்த பணத்தைச் சந்திப்பு நிலையங்கள் பின்னால் கூலியாகக் கொடுத்தன: இரண்டு கேஜும் சேருமிடத்தில் ஒவ்வொரு மூட்டையும் ஒரு வேகனிலிருந்து இறங்கி, ஆள் தோளேறி, அடுத்த வேகனுக்குப் போக வேண்டியிருந்தது.

பாதைகளை ஒரே அகலத்துக்கு, அகலப்பாதைக்கு, மாற்ற 1992இல் தொடங்கிய ‘யூனிகேஜ்’ திட்டம் இந்தத் தொல்லைக்கு முடிவுகட்ட வந்தது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் வேலையின் தன்மையில் இருந்தது. புதுப் பெட்டி வாங்கும்போது பழைய பெட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். ஒற்றைப் பாதையின் கேஜை மாற்றவோ வண்டியையே நிறுத்தியாக வேண்டும். அப்படியானால் யார் எவ்வளவு காலம் காத்திருப்பது? கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மீட்டர் கேஜில் மின்ரயில் ஓடியது. அங்கே பக்கத்திலேயே அகலப்பாதை போட்டு, பழைய வண்டிகளையும் விடாமல் ஓட்டி, 2004 ஜூலையில்தான் மீட்டர் கேஜுக்கு விடைகொடுத்தார்கள். ஏலக்காய் வணிகத்துக்குப் பேர்போன போடிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. மதுரை–போடி வண்டி 2010 முடிவில் நின்றது. தேனிக்கு 2022 மே மாதம் திரும்பிய ரயில் போடியை எட்ட 2023 ஜூன் ஆயிற்று. தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்! திருவாரூர்–காரைக்குடி தடமும் ஏழாண்டுபோல மூடிக்கிடந்தது.

நாள்தோறும் லட்சக்கணக்கானோர் ஏறும் தடத்தையும் சில நூறு பேர் ஏறும் கிளைப்பாதையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். முன்னுரிமை நியாயம்தான், சென்னையை முதலில் கவனித்ததில் தவறில்லை. தவறு, கையில் பணம் சேருமுன்பே தடத்தை மூடியதில் இருக்கிறது. நிதி ஆண்டுக்கு ஆண்டு சொட்டுச் சொட்டாக வரும்போது, மூடிய பாதையால் வருமானமும் இல்லை, பயனும் இல்லை. பஸ்ஸுக்குப் போன பயணி திரும்பி வருவான் என்பதற்கும் உறுதியில்லை.

மூன்றாவது தண்டவாளம் போட்டு இரண்டு கேஜ் வண்டிகளையும் ஓட்டியிருக்கலாமே என்பது வலுவான மறுப்பு. வங்கதேசம் சில தடங்களில் அப்படித்தான் செய்கிறது. ஆனால் இரட்டைக் கேஜில் இருவகை எஞ்சின்களும் பணிமனைகளும் நீடிக்கும். எந்தத் தொல்லையை ஒழிக்க யூனிகேஜ் வந்ததோ அது பாதியளவு உயிரோடிருக்கும். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை போன்ற இடங்களில் பழைய பாலங்களைப் பலப்படுத்தும் வேலையும் எப்படியும் மிஞ்சும். ஆகவே அந்த வழி எல்லாத் தடத்துக்கும் பொருந்தாது. செய்யக்கூடியதாக இருந்தது வேறு: ஒரு கிளையை முழு நிதியோடு எடுத்து முடித்துவிட்டு அடுத்ததை மூடுவது. அதற்குப் பல ஊர்களின் அடிக்கல் நாட்டு விழாக்களைத் தள்ளிப்போட வேண்டியிருந்திருக்கும். எந்த அமைச்சரும் அதை விரும்பியிருக்க மாட்டார்.