குறைகடத்தி லேசரின் ஆடி: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாகவே எழுதும் மரபு இன்றும் நிலவுகின்றது. குறைகடத்தி லேசரின் வரலாறு இம்மரபினை மறுபரிசீலனை செய்ய நம்மைத் தூண்டுவதாகும். 1962ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக், ஐ.பி.எம்., லிங்கன் ஆய்வுகூடம் ஆகியவற்றைச் சேர்ந்த குழுவினர் ஏறத்தாழ ஒரே வேளையில் இதனை உருவாக்கினர். இது தற்செயலன்று, மின்னணுக் கைத்தொழிலும் இராணுவத் தேவைகளும் ஆய்வுக்கு வழங்கிய மூலதனம் அதன் பின்னணியாய் அமைந்தது.

லேசரினுள் ஒளி முன்னும் பின்னும் சென்று பெருகுவதற்கு இரு ஆடிகள் வேண்டும். றொபேட் ஹோல் குழுவினர் காலியம் ஆசனைட்டுப் பளிங்கின் முகங்களை மினுக்கி ஆடிகளாக்கினர். பின்னர் பளிங்கை அதன் இயல்பான தளத்தின் வழியே பிளத்தலே வழக்காயிற்று. அவ்வாறு பிளந்த முகம், தன்மேற் படும் ஒளியில் ஏறத்தாழ 30 வீதத்தைத் தெறிக்கச் செய்யும். 1970இல் லெனின்கிராட்டில் அல்பெரோவ் குழுவினரும், பெல் ஆய்வுகூடத்தில் ஹயாஷி, பனிஷ் ஆகியோரும் அறை வெப்பநிலையில் இடையறாது இயங்கும் லேசரை ஆக்கினர்.

வலுவைக் கூட்ட முனைந்தபோதே உள்முரண்பாடு வெளிப்பட்டது. பிளந்த முகத்தில் அணுப் பிணைப்புகள் அறுபட்டு நிற்கும். வளி பட்டதும் அது ஒட்சியேறும். அக்குறைகள் ஒளியை உறிஞ்சி முகத்தைச் சூடாக்கும். சூடேறச் சக்தி இடைவெளி சுருங்கும். அது சுருங்க உறிஞ்சல் மேலும் பெருகும். ஓர் எல்லையில் முகம் உருகிப்போகும். ஒளியைப் பெருக்கும் ஆடியை அவ்வொளியே அழிக்கின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாதலுக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

பின்முகத்தில் மிகுதியாகவும் முன்முகத்தில் குறைவாகவும் ஒளியைத் தெறிக்கச் செய்யும் படைகளைப் பூசியமை முதற் பரிகாரமாகும். எனினும் நோயின் வேர் பிளந்த மேற்பரப்பிலேயே இருந்தது. 1990களின் தொடக்கத்திற்குள் ஐ.பி.எம். நிறுவனத்தின் சூரிச் ஆய்வுகூடத்தினர், பளிங்கை வெற்றிடத்தினுள்ளேயே பிளந்து, வளி படுமுன் சிலிக்கன் படையால் மூடும் முறையை வகுத்தனர். முகத்தை அண்டி ஒளியை உறிஞ்சாப் பகுதியை அமைத்தல் மற்றொரு வழியாயிற்று. கடலடித் தந்திவடத்தில் ஒளியைப் பெருக்குவதற்குப் பயன்படும் லேசர் பழுதடையின் அதனை மாற்றுதல் பெருஞ்செலவாகும். இத்தகைய தேவைகளே ஆடியின் நம்பகத்தன்மையை வற்புறுத்தின.

2000ஆம் ஆண்டு அல்பெரோவும் குரோமரும் நோபெல் பரிசு பெற்றமை பொருத்தமானதே. ஆயின் பளிங்கைப் பிளந்தும் படை பூசியும் பழுது ஆராய்ந்தும் உழைத்த பலரின் பெயர்கள் பொதுவான வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. அவர்தம் கூட்டுழைப்பையும் உள்ளடக்கும்போதே விஞ்ஞான வரலாறு முழுமை பெறும் என்பது நமது துணிபு.