வீட்டு விலையில் சேராத செலவு: மனை தேடும் தலித் குடும்பம் கணக்கிட வேண்டியவை

கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்புடன் 1917இல் பரோடா சமஸ்தானப் பணியில் சேரச் சென்ற அம்பேத்கர், தங்குவதற்கு ஓர் அறை கிடைக்காமல் அந்நகரை விட்டே வெளியேறினார். பின்னர் பம்பாய் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்த அவர், 1930களின் தொடக்கத்தில் தாதர் இந்து காலனியில் ராஜகிருகத்தைக் கட்டிக் குடியேறினார். பெருகிவந்த நூல்களுக்கு இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தைச் சாதி இந்துக்கள் வாழும் பகுதியில்தான் அவர் தேர்ந்தார்.

வீடு வாங்குவோருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, முதலில் கையிருப்பைக் கணக்கிடு, பிறகு அதற்கேற்ற பகுதியைத் தேடு என்பதாகும். தலித் குடும்பத்துக்கு இந்த வரிசை பொருந்துவதில்லை. பணம் இருந்தாலும் சில தெருக்கள் திறப்பதில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து இந்தியாவின் ஏழு பெருநகரங்களை ஆராய்ந்த திரினா விதயத்தில், காயத்ரி சிங் ஆகியோர், குடியிருப்புப் பிரிவினை பொருளாதார நிலையைவிடச் சாதியின் அடிப்படையிலேயே கூடுதலாக இருப்பதைக் கண்டனர். சுகதேவ் தோரட் குழுவினர் தில்லி வட்டாரத்தில் வாடகை வீடுகள் குறித்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வும், தலித்துகளும் இசுலாமியரும் மறுக்கப்படுவதையும் கூடுதல் நிபந்தனைகளுக்கு உள்ளாக்கப்படுவதையும் பதிவு செய்தது.

தமிழ்நாட்டில் இம்மறுப்பு வாய்விட்டுச் சொல்லப்படுவது அரிது. “சொந்த ஊர் எது?” என்று தொடங்கும் தரகரின் கேள்வி “ஊரில் எந்தத் தெரு?” என்பதில் வந்து நிற்கும். ஆதார் அட்டை முகவரியில் ‘காலனி’ என்று இருந்தாலே போதும். மறுநாள் “வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்” என்ற செய்தி வரும், அல்லது விலை சில இலட்சம் ஏறியிருக்கும். ‘சைவம் மட்டும்’ என்ற விளம்பரத்தின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

விலை ஏறும்போது சுமை எங்கே விழுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 30 இலட்சம் மதிப்புள்ள தனி வீடு ஒன்றைக் கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 இலட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரை வழங்கப்படலாம். ஆகவே கடன் 27 இலட்சம். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 2.7 இலட்சம். இதற்குப் பொதுவாகக் கடன் கிடையாது. எனவே கையிலிருந்து 5.7 இலட்சம் வேண்டும். வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 23,400 ரூபாய்; முடிவில் கட்டியிருக்கும் தொகை 56 இலட்சத்தைத் தாண்டும்.

இப்போது, 27 இலட்சம் பெறும் வீட்டுக்கு உரிமையாளர் நம்மிடம் 30 இலட்சம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்புக்கே கடன் தரும்; அதன்படி கிடைப்பது 24.3 இலட்சம். மீதி 5.7 இலட்சமும் பதிவுச் செலவும் சேர்ந்து 8.4 இலட்சம் கையில் இருக்க வேண்டும். சாதிக்காகக் கூட்டப்பட்ட விலையைத் தவணையாகக் கட்ட வழியில்லை. அது முழுவதும் சேமிப்பிலிருந்தே போகிறது. பரம்பரை நிலமோ விற்பதற்கு நகையோ இல்லாத, ஊரிலுள்ள பெற்றோருக்கும் தம்பி தங்கையர் படிப்புக்கும் பணம் அனுப்பும் முதல் தலைமுறை ஊழியரிடம் அந்தச் சேமிப்பு இருப்பதில்லை. ஒரு பகுதியைக் கணக்கில் வராத ரொக்கமாகக் கேட்கும் விற்பனையாளரும் இதே இடத்தில்தான் நம்மை வடிகட்டுகிறார். தவணை மாத வருவாயில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நன்று. பதிவுச் செலவுக்கு அப்பால் ஆறு மாதத் தவணையையேனும் தனியே வைத்திருக்க முடியாவிட்டால், அந்த வீடு எட்டாதது என்றே கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆம் பிரிவை நம் தோழர்களில் பலர் தேநீர்க்கடை இரட்டைக் குவளையோடு மட்டுமே நினைவுகூர்கின்றனர். தீண்டாமையின் பேரில், எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பைக் கட்டுவதையோ வாங்குவதையோ அதில் வாழ்வதையோ தடுப்பதும் அப்பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அச்செயல் தீண்டாமையின் பேரிலேயே நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. தனி உரிமையாளர் ஒருவர் விற்க மறுப்பது இதில் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் தெருவார் கூடி “இவருக்கு விற்காதே” எனத் தடுப்பதற்கு இப்பிரிவு நேராகவே பொருந்தும். குடியேறிய பின் வீட்டைவிட்டு வெளியேறச் செய்வதும், சமூகப் புறக்கணிப்புச் செய்வதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வருகின்றன.

எதிர்த் திசையிலும் ஒரு தீர்ப்பு உண்டு. பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற அகமதாபாத் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதியை உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்திலும் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு இல்லை. ஆகவே சங்கக் குடியிருப்பில் வாங்குமுன் அதன் துணைவிதிகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். முன்பணமாக விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல், பதிவு செய்த ஒப்பந்தமின்றிக் கட்டுநர் பெறக்கூடாது என்ற அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு நமக்கு உதவும்.

பகுதியைப் பார்க்கச் செல்பவர் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, முடிந்தால் கோயில் திருவிழா நாளில் ஒருமுறை செல்லட்டும். மின்கம்பங்களில் என்ன நிறம் பூசியிருக்கிறார்கள், எந்தச் சங்கத்தின் பலகை தெருமுனையில் நிற்கிறது, சுடுகாட்டுப் பாதை யாருக்குத் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே முன்பே குடியேறிய தலித் குடும்பம் ஒன்றிடம் அரைமணி நேரம் பேசுவது எந்தத் தரகரின் சொல்லைவிடவும் மேலானது. சுவர்களையும் பாருங்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று இடிந்து 17 தலித்துகளைக் கொன்றது, பக்கத்து வீட்டார் எழுப்பிய உயர்ந்த சுற்றுச்சுவர். அப்பகுதி மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தனர்.

சேரியை ஒட்டிய மனை மலிவாகவே இருக்கும். உறவும் பாதுகாப்பும் அருகில் இருக்கும். ஆனால் விற்கும்போதும் அடமானம் வைக்கும்போதும் மதிப்பு அதே காரணத்தால் குறையும். இதை அறிந்து அங்கேயே வாங்குவதும் சரியே. பிள்ளைகளின் பள்ளிக்காக வெளியேறுவதும் சரியே. “படித்ததும் சேரியை விட்டு ஓடிவிட்டான்” என்ற வசையை நம் கூட்டங்களில் இன்னும் கேட்க முடிகிறது. ராஜகிருகத்தின் முகவரியை அவ்வாறு பேசுவோர் ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.

ஆவணங்களில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பர். நாம் கூடுதலாகப் பார்க்க வேண்டியது, அந்நிலம் பஞ்சமி நிலமா என்பது. 1892ஆம் ஆண்டு அரசாணையின் வழி வழங்கப்பட்ட இந்நிலங்களை ஒடுக்கப்பட்ட சாதியினர் அல்லாதாருக்கு விற்க முடியாது. ஆனால் அவற்றில் பல இன்று பிறர் பெயரில் மனைப்பிரிவுகளாக நிற்கின்றன. யு.டி.ஆர். கணக்கெடுப்புக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். அதில் ‘டி.சி.’ அல்லது நிபந்தனை நிலம் என்ற குறிப்பு இருந்து, விற்பவர் தலித் அல்லாதவர் என்றால், முன்பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பதிவேட்டின் நகலை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். அந்நிலத்தை மீட்கும் மனுவுக்கு முதல் ஆவணம் அதுவே.