நுண்மதிச் சிறுவரும் கல்முனைக் கரையும்

இலங்கையின் கீழைக் கரையில், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 25 மைல் தொலைவில் கல்முனை அமைந்துள்ளது. அதற்கு வடக்கே மருதமுனையும், தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களும் கடலோரமாகத் தொடர்ந்து கிடக்கின்றன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராக வாழும் ஊர்கள் இவை. இவற்றிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழர் ஊர்களும் உள்ளன. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். உழவும் மீன்பிடியும் நெசவும் வாணிகமும் இம்மக்களின் தொழில்கள். 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

இத்தகைய கரையோர ஊரொன்றில், ஓர் உழவரின் குடிசையிலோ நெசவாளரின் வீட்டிலோ, வயதுக்கு மிஞ்சிய அறிவுடைய பிள்ளையொன்று பிறக்குமாயின், அப்பிள்ளையின் கதி யாது? அதனைக் கண்டறிபவர் யார்? கண்டறிந்த பின் வளர்ப்பவர் யார்? இக்கரையின் கல்வி வரலாறு முழுவதும் இவ்வினாக்களுக்கு மக்கள் தேடிய விடைகளின் வரலாறே எனலாம்.

திறமையைக் கண்டறியும் கண் இவ்வூர்களில் முன்னரும் இருந்தது. குர்ஆன் ஓதும் பள்ளியில் நீண்ட பாடங்களை ஒருமுறை கேட்ட மாத்திரத்தே ஒப்புவிக்கும் சிறுவனை ஆசிரியர் உடனே அறிந்துகொள்வார். ஊராரும் அவனைப் பாராட்டுவர். அரபு எழுத்துகளில் தமிழை எழுதும் அரபுத் தமிழும் அக்காலப் பிள்ளைகளுக்குப் பழக்கமானதே. ஆயினும் அந்த ஓதற்பள்ளிக்கும் ஊரிலுள்ள தமிழ்ப் பாடசாலைக்கும் அப்பால் அடுத்த படி இல்லை. இடைநிலைக் கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. அதனை அளித்தவை பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன் பாடசாலைகள். அங்குச் சென்றால் பிள்ளை தன் மார்க்கத்தை விட்டு விலகிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சினர். அச்சம் இல்லாதவரிடம் விடுதிச் செலவுக்குப் பணம் இல்லை. பெண்பிள்ளைக்கு வீடும் காணியும் சீதனமாகக் கொடுப்பது இக்கரையின் வழக்கமாதலால், குடும்பத்தின் சேமிப்பெல்லாம் அவ்வழியே சென்றது. அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போன சிறுவன் மீண்டும் பள்ளிக்கு வராதொழிவதும் உண்டு. மதி குன்றியதால் நின்ற கல்வியன்று அது. வழி இன்மையால் நின்ற கல்வி.

வழி கிடைத்த பிள்ளை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இதே கரையில் ஒரு சான்று உண்டு. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவேயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டில் மயில்வாகனன் என்னும் குழந்தை பிறந்தது. ஊர்ப் பள்ளியிலும், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் அச்சிறுவன் கற்றான். பதினாறாம் வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினான். பிற்காலத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், ‘யாழ் நூல்’ ஆசிரியராகவும் விளங்கிய சுவாமி விபுலாநந்தர் அவரே. அயலிலிருந்த முஸ்லிம் வீடுகளில் அத்தகைய மதிநுட்பம் உடைய பிள்ளைகள் பிறவாமல் இருந்திருப்பரோ? பிறந்திருப்பர், ஆனால் அவர்களுக்குப் படி அமைக்கப்படவில்லை.

அந்தக் குறையை நேரிற் கண்டு செயலில் இறங்கியவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். 1911ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அவர், இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றிற் சிறப்புப் பட்டம் பெற்று, அரசாங்கப் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் சென்றார். 1935இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் என்னும் பெருமையும் அவருக்கு உரியது. பிற சமயத்தார் நடத்திய பள்ளிகளிற் கற்றும் தம் மார்க்கத்தில் உறுதி குன்றாதிருந்த அவருடைய வாழ்வே, கல்முனைப் பெற்றோரின் அச்சத்துக்குத் தக்க மறுமொழியாக அமைந்தது.

1942ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. நாட்டில் அரிசித் தட்டுப்பாடு மிகுந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று நிறுவப்பட்டு, அஸீஸ் அவர்கள் உதவி அரசாங்க அதிபராக அங்கு அனுப்பப்பெற்றார். நெல்லை விளைவிக்க வந்த அதிகாரி, விளைந்தும் அறுவடையாகாமற் கிடந்த மற்றொரு பயிரைக் கண்டார். அவ்வூர்ப் பிள்ளைகளின் அறிவே அப்பயிர். சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பும் இப்பணியில் ஊக்கமளித்தது.

அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. இதன் சிறப்பு யாதெனில், திறமையுள்ள ஏழைப் பிள்ளையைப் பெற்றோரின் தனிப்பொறுப்பாக விடாமல், ஊரின் பொறுப்பாக அது கொண்டமையே. அதுவரை ஊரார் பாராட்டினர். இனி ஊரார் பங்கு செலுத்தினர். பாராட்டு ஒரு நாளுக்குப் போதும். படிப்புக்கோ பல்லாண்டுக் காலம் உணவும் உறையுளும் நூலும் வேண்டும். கல்முனையிற் பெற்ற இவ்வனுபவமே 1945ஆம் ஆண்டில் நாடு தழுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. வறுமை காரணமாகத் தகுதியுள்ள மாணவரின் உயர்கல்வி தடைப்படலாகாது என்பதே அந்நிதியின் நோக்கம். 1948இல் சிவில் சேவையைத் துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பதவியை அஸீஸ் ஏற்றார். 1961 வரை அப்பணி தொடர்ந்தது.

அதே காலத்தில் அரசாங்கமும் பெருவழி ஒன்றைத் திறந்தது. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 அக்டோபர் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை வைத்து, தேறிய ஏழைச் சிறுவருக்கு விடுதி வசதியுடன் அங்கே இடமளிக்கப்பட்டது. ஊரார் நிதியும் அரசாங்கச் சட்டமும் ஒன்றுக்கொன்று துணையாயின. கட்டணத்தை அரசாங்கம் நீக்கலாம். பிள்ளையை அனுப்பும் மனத்தைப் பெற்றோரிடம் உண்டாக்க ஊராரே வேண்டும்.

பின்னர்ப் படிகள் ஒவ்வொன்றாக அமைந்தன. 1949இல் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரின் முயற்சியால், இன்று கல்முனை ஸாஹிராக் கல்லூரி என வழங்கும் பாடசாலை தோன்றியது. மகனை வெளியூருக்கு அனுப்பத் தயங்கியவர் மகளை அனுப்ப எவ்வளவு தயங்கியிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1971இல் மஹ்மூத் மகளிர் கல்லூரி கல்முனையிலேயே அமைந்தபோதுதான், பெண்பிள்ளையின் அறிவுக்கும் இக்கரையில் ஒரு வாயில் திறந்தது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுநிலை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று ஒலுவிலில் நிலைபெற்றுள்ளது. ஓதற்பள்ளியோடு நின்ற பாதை, ஊரெல்லைக்குள்ளேயே பல்கலைக்கழகம் வரை நீண்டுவிட்டது.

எனினும், கருத்திற் கொள்ளத்தக்க எச்சரிக்கை ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. ஐந்தாம் வகுப்புப் பரீட்சை, வழியற்ற ஏழைப் பிள்ளைக்கு வழி காட்டும் பொருட்டு ஏற்பட்டது. இன்றோ பல வீடுகளில் அது பத்து வயதுப் பாலகரை இரவும் பகலும் வருத்தும் போட்டியாகிவிட்டது. தேறியவரைத் தோளில் தூக்குவதும், தேறாதவரை மந்தமதியினர் என ஒதுக்குவதும் வழக்கமாயின. கரைவலையின் கண்ணுக்குத் தப்பிய மீன் கடலில் இல்லாத மீன் ஆகிவிடுமோ? கல்முனைக்குடியில் 1944இற் பிறந்த எம். ஏ. நுஃமான் அவர்கள் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியராகப் பணியாற்றிய பின்னரே பட்டதாரியானவர். பின்னர் மொழியியலாளராகவும், பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், நாடறிந்த கவிஞராகவும் திறனாய்வாளராகவும் உயர்ந்தார். இளமையில் அவருடைய கவியுள்ளத்துக்குத் துணைநின்றோருள், கல்முனைப் பகுதி எழுத்தாளர்களை ஒன்றுதிரட்டிய ஆசிரியர் கவிஞர் நீலாவணன் ஒருவர். தமிழர் ஊரின் ஆசிரியர் முஸ்லிம் ஊரின் இளைஞருக்குத் துணையானார். புள்ளிகளை அளக்கும் பரீட்சை இத்தகைய திறமையை அளப்பதில்லை. அருகிலிருந்து பழகும் ஒருவரே அதனை அறிவார்.

ஆதலின் கல்முனைக் கரை புகட்டும் பாடம் தெளிவானது. நுண்மதி படைத்த பிள்ளைக்கு மூன்று உதவிகள் வேண்டும். அதனைப் பொறுமையோடு கண்டறியும் ஆசிரியர் வேண்டும். அடுத்த படிக்கு ஏற்றிவிடும் ஊர் வேண்டும். ‘உன் அறிவு உனக்கு மட்டும் உரியதன்று’ என்று உணர்த்தும் வீடும் வேண்டும். 1942இல் பங்கு செலுத்திய உழவரும் வணிகரும் தம் பெயர் வரலாற்றில் நிற்கும் என எண்ணிச் செலுத்தியவரல்லர். அவர்கள் வளர்த்தவை பிறர் பிள்ளைகள். அப்பிள்ளைகளின் வழித்தோன்றல்கள் இன்று தம் ஊர்ப் பள்ளிகளில், பரீட்சையில் தவறிய ஒரு சிறுவனையும் சற்றே நின்று நோக்குவாராயின், அப்பழங்கடன் செவ்வனே தீர்க்கப்பட்டதாகும்.