கண்டியில் மண்சரிவு: ஒரு பின்சுவரின் வரலாறு

கண்டியில் மழை பிடித்தால் இப்ப எல்லாருடைய போனுக்கும் மூன்று நிறங்கள் வந்துவிடுகின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள்: அவதானமாக இருங்கள். 100 தாண்டினால் செம்மஞ்சள்: ஆயத்தமாகுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால் சிவப்பு: வீட்டை விட்டு வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. தேவையான கணக்குத்தான், உயிர்களைக் காப்பாற்றும் கணக்கும்கூட. ஆனால் இதில் மழை இருக்கிறது, மலை இருக்கிறது, வீடு இல்லை.

ஒரே மலையில், ஒரே இரவில், ஒரே அளவு மண் இறங்கினாலும் எல்லா வீடும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஒரு வீட்டில் பின்சுவர் மட்டும் வெடிக்கும். பக்கத்து வீடு இருந்த இடமே தெரியாமல் போகும். இந்த வித்தியாசத்தைத்தான் பொறியியலாளர்கள் கட்டடத்தின் பாதிப்புறும் தன்மை என்கிறார்கள். சேதமே இல்லாவிட்டால் 0, முழுதாக அழிந்தால் 1 என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு கட்டடமும் எங்கே நிற்கும் என்று பார்ப்பார்கள். சுவர் எதனால் கட்டியது, அத்திவாரம் எவ்வளவு ஆழம், மலைப்பக்கச் சுவரில் ஜன்னல் இருக்கிறதா, தூணும் பீமும் இருக்கிறதா, இறங்கி வரும் சேறு எத்தனை அடி உயரம் என்பவை அவர்களுடைய கேள்விகள்.

இவை எல்லாம் சீமெந்து, கம்பி பற்றிய கேள்விகள் போலத் தெரியும். கண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றுக்கும் பதில் தேடினால் வரலாற்றில்தான் போய் முட்டுவோம்.

நொக்ஸ் பார்த்த வீடுகள்

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், தப்பிப் போன பிறகு 1681இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் சாதாரண சனங்களின் வீடுகளைப் பற்றிச் சொல்கிறார். தடி நட்டு, களிமண் அப்பி, மேலே கூரை வேய்ந்த சின்ன வீடுகள். ஒரு மாடிக்கு மேல் கட்டக் கூடாது, ஓடு போடக் கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் கூடாது. அதெல்லாம் பெரிய இடத்துக்கு மட்டும். ஆக, அந்தக் காலத்திலேயே ஒரு சுவரின் பலத்தைத் தீர்மானித்தது மண் மட்டுமில்லை, அந்தஸ்தும்தான்.

மண் வீடு பலமானது என்று சொல்ல வரவில்லை. சரிவு வந்து மோதினால் முதலில் போவது அதுதான். ஆனால் அந்த வீடு நின்ற இடத்தைக் கவனியுங்கள். பள்ளத்தாக்கில் வயல், வயலுக்கு மேலே மேட்டு ஓரத்தில் வீடும் வீட்டுத்தோட்டமும், அதற்கும் மேலே காடு. கண்டியக் கிராமங்களின் பொதுவான அமைப்பு இது. பாரம் குறைந்த வீடு, பெரிதாக வெட்டப்படாத மலை, தலைக்கு மேலே வேர் பிடித்து நிற்கிற மரங்கள். சுவரிடம் இல்லாத பலத்தை இடம் ஈடுகட்டியது.

கோப்பி, தேயிலை, காம்பரா

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களில் கொழும்பு - கண்டி வீதி, கூடவே கம்பளைப் பக்கமும் பேராதனைப் பக்கமும் முதல் கோப்பித் தோட்டங்கள். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டைத் தோட்டமாக மாற்ற வழி திறந்துவிட்டது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே வருடம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்க்க, மலை முழுக்கத் தேயிலையானது. அரை நூற்றாண்டுக்குள் மேல் மலையின் காடு இறங்கிப்போனது, அங்கே உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் ஏறிப்போனார்கள்.

அவர்களுக்குக் கட்டியதுதான் லயம். 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. பத்துக்காம்பரா லயம், இருபது காம்பரா லயம் என்று நம்ம பேச்சிலேயே அளவு இருக்கிறது. பொறியியல் கண்ணால் ஒரு பழைய லயத்தைப் பாருங்கள். மலையை வெட்டித் தட்டையாக்கிய துண்டில் நீளமாக நிற்கும். முதுகுப்பக்கம் வெட்டிய மண்மேடு. கல்லோ செங்கல்லோ வைத்த சுவர், இடையில் கொங்கிறீட் தூண் கிடையாது. தலைக்கு மேலே தகரம். கதவு முன்பக்கம் மட்டும். காம்பராக்கள் முதுகோடு முதுகாக இருக்கிற இரட்டை லயமாக இருந்தால், பின்வரிசைக் குடும்பங்களின் வாசலே மண்மேட்டைப் பார்த்தபடி இருக்கும். தண்ணி வசதிக்காக ஓடைக்கரையில் வைத்த லயங்களும் உண்டு. சேறு இறங்கினால் முதலில் தேடி வருவது அந்த ஓடையைத்தான். மேலே சொன்ன கேள்வித்தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்தால், லயம் 1க்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும்.

இன்னொரு கேள்வி அந்தத் தாளில் இல்லை: இந்தச் சுவரைத் திருத்த யாருக்கு உரிமை? 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்தது, தோட்டங்கள் அரசிடம் போயின. 1992க்குப் பிறகு பெரும்பகுதி கம்பனிகளிடம் போனது. கண்டிப் பக்கம் ஜனவசம போன்ற அரச நிறுவனங்களிடமே பல தோட்டங்கள் தங்கின. காணி இப்படிக் கை மாறிக்கொண்டே இருந்தது, காம்பராவில் இருந்தவர்களின் பெயருக்கு மட்டும் வரவில்லை. பின்சுவர் வெடித்தால் ஒரு கல்லுக்கட்டுப் போடவும் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். நமக்கென்று எழுதித் தராத வீட்டுக்கு எந்த பேங்க் கடன் தரும்?

வரைபடம் வந்த பிறகு

1984இல் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 80களின் பெரிய சரிவுகளுக்குப் பிறகு, 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாரிக்கும் வேலை ஆரம்பமாகி, பின்னர் கண்டி உட்பட மற்ற மலை மாவட்டங்களுக்கும் போனது. பாறை, மண்ணின் தடிப்பு, சரிவு, நீரோட்டம், நிலப் பயன்பாடு, நில உருவம் என்ற ஆறு விசயங்களுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, எந்த இடம் எவ்வளவு அபாயம் என்று நிறம் தீட்டினார்கள். பெரிய வேலை அது. 2011இன் சுற்றறிக்கை ஒன்று, மண்சரிவு மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன்னால் இந்த நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும் என்றது.

இங்கேதான் ஓட்டை. அனுமதி கேட்டு வருகிறவனுக்குத்தான் அந்தச் சுற்றறிக்கை. நூறு வருடத்துக்கு முன்னால் கட்டிய லயம் எந்தப் பிரதேச சபையிடமும் அனுமதி கேட்டதில்லை, இனிக் கேட்கப்போவதும் இல்லை. பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தை இதற்குச் சாட்சி. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரித்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தைச் சொல்லும் வரைபடம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் குடிபோக அவர்களுக்கு வேறு காணி இருக்கவில்லை.

நகரத்துக் கதை வேறு மாதிரி. கண்டி ஒரு கிண்ணம். நடுவில் வாவி, சுற்றி மலை. தட்டையான இடம் நிறைந்ததும் வீடுகள் மலையில் ஏறின. நொக்ஸ் காலத்துக்கு நேர் எதிராக, பாரமான கட்டடம், ஆழமாக வெட்டிய மலை. 2020 செப்டெம்பர் 20 அதிகாலை, புவெலிக்கடையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. தாய், தகப்பன், கைக்குழந்தை மூவரும் இறந்தார்கள். அவர்களுடைய சுவரை மட்டும் சோதித்திருந்தால் இந்த ஆபத்து தெரிந்திருக்காது, ஏனென்றால் ஆபத்து அடுத்த காணியில் நின்றது. மலையில் மேலே இருப்பவரின் அத்திவாரமும், அவர் வீட்டுக் கழிவுத்தண்ணி போகிற கானும், கீழே இருப்பவரின் பாதுகாப்பில் ஒரு பகுதி. காணி காணியாகப் பிரித்து மதிப்பிட்டால் இது தெரியவே தெரியாது.

ஹொங்கொங் செய்தது

மலையில் ஏறிய இன்னொரு நகரம் ஹொங்கொங். 1972 யூன் 18இல் அங்கே ஒரே நாளில் இரண்டு பெரிய சரிவுகள். ஒன்று ஏழைகள் குடியிருந்த சவ் மவ் பிங்கில். மற்றது வசதியானவர்களின் போ ஷான் வீதியில், அங்கே 12 மாடிக் கட்டடமே விழுந்தது. 1976இல் சவ் மவ் பிங் திரும்பவும் சரிந்தது. அடுத்த வருடம் சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் திறந்தார்கள். இன்று அங்கே மனிதர் வெட்டிய சுமார் 60,000 சரிவுகள் பதிவில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு, பராமரிக்க வேண்டியது யார் என்பதும் பதிவில் உண்டு. அவர்களிடம் காசு இருந்தது, உண்மை. ஆனால் ஒரு மண்மேட்டுக்குப் பொறுப்பாளி யார் என்று எழுதி வைக்க அவ்வளவு காசு தேவையில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாவட்டங்களில் கண்டியில்தான் இழப்பு அதிகம். லயத்திலும் இறந்தார்கள், கிராமத்திலும் இறந்தார்கள். அதற்குப் பிறகு மதிப்பீட்டுக் குழுக்கள் வந்து போகின்றன. இந்த வீட்டில் இருக்கலாமா, கூடாதா என்று எழுதுகிறார்கள்.

அவர்கள் கையில் இருக்கிற படிவத்தில் நாம் சேர்க்கச் சொல்ல வேண்டியது மூன்று கேள்வி. பின்னாலுள்ள மண்மேட்டை வெட்டியது யார்? மேலேயிருந்து வரும் தண்ணி யாருடைய கானிலிருந்து வருகிறது? இந்தச் சுவரைத் திருத்தவோ, இதை விட்டுப் போய் வேறு இடத்தில் கட்டவோ இங்கே இருப்பவருக்கு உறுதிப்பத்திரம் இருக்கிறதா? மூன்றாவதுக்கு இல்லை என்று பதில் வந்தால், "வெளியேறவும்" என்று எழுதுவதோடு அந்தக் குழுவின் வேலை முடியக் கூடாது. எங்கே போவது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.