விளக்கெண்ணெயிலிருந்து சிந்தெடிக் வரை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஆயில் கடை வைத்திருக்கிறேன். அப்பா அறுபதுகளில் தொடங்கிய கடை. இன்றைக்குப் புது வண்டிக்காரர்கள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சிந்தெடிக் ஊத்தணுமா, சாதா ஆயிலே போதுமா?" விலையில் ஒன்றுக்கு இரண்டாக வித்தியாசம் இருக்கும்போது யாருக்குத்தான் தயக்கம் வராது? பில் போடும் நேரத்தில் "புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதை ஊத்துங்க" என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தப் புஸ்தகத்தில் ஏன் அப்படிப் போட்டிருக்கிறது என்பதற்கு நூற்று ஐம்பது வருஷக் கதை உண்டு. அதைத் தெரிந்துகொண்டவர் கடைக்காரனை நம்ப வேண்டியதில்லை; தானே முடிவு செய்துகொள்வார்.

நீராவி இன்ஜின் காலத்தில் சிலிண்டருக்கு மாட்டுக் கொழுப்பையும் தாவர எண்ணெயையும்தான் போட்டார்கள். 1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தார். 1866-இல் ஜான் எல்லிஸ் என்ற மருத்துவர் கச்சா எண்ணெயை மருந்தாக்க முயன்று, அது நீராவி வால்வுக்கு நல்ல மசகு என்று கண்டார். வால்வோலின் கம்பெனி அப்படிப் பிறந்தது. ஆனால் மோட்டார் வந்த புதிதில், சூடு தாங்குவதில் பூமியிலிருந்து எடுத்த எண்ணெயைவிட நம்முடைய விளக்கெண்ணெய்தான் ஒரு படி மேலே நின்றது. லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு நடத்திய கம்பெனி 1909-இல் விளக்கெண்ணெய் கலந்த காஸ்ட்ரால் ஆயிலை இறக்கியது.

முதல் உலகப் போரின் பல சண்டை விமானங்களில் விளக்கெண்ணெய் இல்லாமல் வேலையே நடக்காது. அன்றைய ரோட்டரி இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் அசையாமல் நிற்கும், சிலிண்டர்கள் அத்தனையும் அதைச் சுற்றிச் சுழலும். பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் உள்ளே போகும். அங்கே சாதாரண பெட்ரோலிய ஆயில் இருந்தால் பெட்ரோல் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் லேசில் கரையாது, உலோகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்த எண்ணெய் புகையோடு வெளியே வரும். அதைச் சுவாசித்து பைலட்டுகளுக்கு வயிற்றுப்போக்கு. இந்தியாவிலிருந்து ஆமணக்கு விதை கப்பல் கப்பலாகப் போன காலம் அது. ஆனாலும் விளக்கெண்ணெய் நிலைக்கவில்லை. காற்றும் சூடும் பட்டால் அது இறுகிப் பிசினாகும். இன்ஜினை அடிக்கடி பிரித்துச் சுரண்ட வேண்டும். பெட்ரோலிய ஆயில் மலிவு, கெட்டுப்போவதும் மெதுவாக. ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு அதுவே நிலைத்தது.

ஆயிலின் கனத்துக்கு எண் போடும் வழக்கம் 1911-இல் எஸ்ஏஇ என்ற மோட்டார் பொறியாளர் அமைப்பால் வந்தது. 20, 30, 40 என்று இன்றும் டப்பாவில் பார்ப்பது அந்த வம்சம்தான். ஆனால் ஒரே 30 நம்பர் ஆயில் இரண்டு எண்ணெய் வயல்களிலிருந்து வந்தால் இரண்டு விதமாக நடந்துகொண்டது. சூட்டில் ஒன்று கொஞ்சம் இளகியது, மற்றொன்று தண்ணீராகவே ஆனது. 1929-இல் டீன், டேவிஸ் என்ற இருவர் இதை அளக்க ஒரு கணக்கு வைத்தார்கள். நல்ல பென்சில்வேனியா ஆயிலுக்கு 100, மோசமான மெக்சிகோ வளைகுடா ஆயிலுக்கு பூஜ்யம். விஸ்காசிட்டி இண்டெக்ஸ் என்பது அதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; கதை திரும்ப இங்கேதான் வரும்.

முப்பதுகளில் டீசல் இன்ஜின் பெரிதாகி, பிஸ்டன் ரிங்குகள் கரி பிடித்து ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. அதற்கு மருந்தாக வந்தது டிடர்ஜென்ட் சேர்த்த ஆயில். அது கரியைப் படியவிடாமல் தன்னிலேயே தாங்கிக்கொள்ளும், அதனால் சீக்கிரம் கறுக்கும். இந்தக் கறுப்புக்காக அப்பா வாடிக்கையாளர்களோடு பட்ட பாட்டைச் சின்ன வயதில் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "என்ன முதலாளி, போன வாரம் ஊத்துன ஆயில் அதுக்குள்ள தார் மாதிரி ஆயிடுச்சே!" என்று டாக்ஸி டிரைவர்கள் டிப்ஸ்டிக்கைத் துடைத்த துணியோடு வந்து நிற்பார்கள். "கறுக்குதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்யா. கறுக்காத ஆயிலைப் பார்த்தாதான் நீ பயப்படணும்" என்பார் அப்பா. அவர் சொன்னது சரி. இன்றும் ஆயிலின் நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

அந்தக் காலக் கடையைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வாசலில் 210 லிட்டர் பேரல்கள். ஒன்றில் 30 நம்பர், ஒன்றில் 40, இன்னொன்றில் கியர் ஆயில். மேலே கைப்பம்பு. வளைந்த மூக்கு வைத்த தகர அளவையில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று பிடித்து, டிரைவர் கொண்டுவரும் டப்பாவில் ஊற்றுவோம். பம்பைச் சுற்றித் தரையில் மரத்தூள் கொட்டியிருக்கும். அம்பாசடர், ஃபியட், வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எல்லாவற்றுக்கும் இந்தப் பேரல்களே போதும். மெட்ராஸில் குளிர் கிடையாது. ஒரே நம்பர் ஆயில் வருஷம் பூராவும் தாங்கும்.

இந்த லூஸ் ஆயில் வியாபாரத்தில்தான் கலப்படமும் புகுந்தது. ஒர்க்ஷாப்புகளில் வடித்த கழிவு ஆயிலை வாங்கி, கந்தக அமிலம் ஊற்றி, களிமண்ணில் வடிகட்டி, நிறம் தெளிந்ததும் புது ஆயில் என்று விற்றவர்கள் உண்டு. அப்படி ஊற்றிய வண்டியில் பேரிங் தேய்ந்து, கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங் கொடுத்த சொந்தக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கேட்டு வளர்ந்தவன் நான். சீல் டின் வந்த பிறகும் காலி டின்னை வாங்கி நிரப்பினார்கள். அதனால்தான் காலி டின்னை ஆணியால் குத்தி ஓட்டை போட்டுத்தான் வீசுவோம். இன்றைக்கும் என் கடைப் பையன்களுக்கு முதல் நாள் பாடம் அதுதான்.

1969-இல் மணலி சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. 1972-இல் இந்தியன் ஆயில் சர்வோ என்ற பெயரில் ஆயிலை விற்கத் தொடங்கியது. சாதா ஆயில் எப்படிப் பிறக்கிறது என்று புரிய மணலியை நினைத்தால் போதும். பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்கும் கனமான பகுதியை வெற்றிடத்தில் காய்ச்சிப் பிரிப்பார்கள். கரைப்பான் கொண்டு கெட்ட பகுதியை நீக்குவார்கள். பிறகு குளிர வைத்து மெழுகைப் பிரித்தெடுப்பார்கள். அந்த மெழுகு மெழுகுவர்த்தி செய்கிறவர்களுக்குப் போகும். மிச்சம் நிற்பது பேஸ் ஆயில். எவ்வளவு சுத்தம் செய்தாலும் அதில் பல அளவு, பல வடிவ மூலக்கூறுகள் கலந்தே இருக்கும். சின்னவை சூட்டில் ஆவியாகும், மெழுகுத்தன்மை உள்ளவை குளிரில் உறையும்.

குளிரிலும் சூட்டிலும் ஓடுகிற மல்டிகிரேடு ஆயில் ஐம்பதுகளில் வந்தது. சூட்டில் விரியும் பாலிமரைச் சேர்த்து, மெல்லிய ஆயிலைச் சூட்டில் கனமாக நடிக்க வைக்கும் வித்தை. இங்கிலாந்தில் மினி காரில் கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே ஆயிலில் ஓடியதால் அந்தப் பாலிமர் பற்சக்கரங்களில் நசுங்கியது. டக்ஹாம்ஸ் கம்பெனி அதற்கென்றே 20டபிள்யூ 50 கொண்டுவந்தது (டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கு, பின்னால் உள்ளது சூட்டுக்கு). நம் ஊரில் 20டபிள்யூ 40 நிலைத்து, ஒரு தலைமுறையே அந்த எண்ணை மனப்பாடமாகச் சொன்னது.

சிந்தெடிக் இதற்கெல்லாம் பிந்தியது என்று பலரும் நினைக்கிறார்கள். 1929-லேயே அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் இண்டியானா அதைச் செய்து பார்த்துவிட்டது, விற்கவில்லை, அவ்வளவுதான். கச்சா எண்ணெய் மலிந்து கிடந்தபோது யார் வாங்குவார்கள்? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கச்சா எண்ணெய் இல்லை, ரஷ்யக் குளிரோ சாதா ஆயிலை உறைய வைத்தது. ஹெர்மன் சோர்ன் என்ற வேதியியலாளர் எஸ்டர் வகை ஆயில்களை அங்கே உருவாக்கினார். போருக்குப் பிறகு ஜெட் இன்ஜின் வந்ததும் எஸ்டர் இல்லாமல் விமானம் பறக்க முடியாது என்றாகிவிட்டது. கார்களுக்கு அது இறங்கி வந்தது எழுபதுகளில்: 1971-இல் பிரான்சின் மோட்டுல் 300வி, 1972-இல் அமெரிக்காவில் போர் விமானி ஆல்பர்ட் அமட்டூசியோவின் ஆம்சாயில், 1974-இல் மொபில் 1. மொபில் 1-இன் அடிப்படைப் பொருள் பாலி ஆல்ஃபா ஒலிஃபின், சுருக்கமாகப் பிஏஓ. எத்திலீன் வாயுவிலிருந்து பத்து கார்பன் உள்ள டெசீனைச் செய்து, மூன்று நான்காகக் கோத்து எடுப்பது. எல்லா மூலக்கூறும் ஏறக்குறைய ஒரே அளவு. மெழுகு கிடையாது, எளிதில் ஆவியாகாது. பழைய வண்டிகளில் ஊற்றினால் சீல் கசியும் என்ற பேர் அப்போது வந்தது. அதில் உண்மையும் இருந்தது. பிஏஓ ரப்பர் சீலைச் சுருக்கும். எஸ்டரைச் சேர்த்து அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பேர் இன்றைக்கும் போகவில்லை.

தொண்ணூறுகளில் கதவு திறந்து வெளிநாட்டு பிராண்டுகள் எங்கள் தெருவுக்கு வந்தபோது, உள்ளே இருப்பதே வேறாக மாறிக்கொண்டிருந்தது. 1997-இன் கடைசியில் அமெரிக்காவில் காஸ்ட்ரால் தன் சின்டெக் ஆயிலில் பிஏஓவை எடுத்துவிட்டு, கச்சா எண்ணெயிலிருந்தே ஹைட்ரஜன் அழுத்தத்தில் மூலக்கூறுகளை உடைத்து மாற்றிச் செய்த பேஸ் ஆயிலைப் போட்டது. இதைத்தான் குரூப் 3 என்பார்கள். மொபில் புகார் செய்தது: கச்சா எண்ணெயில் செய்ததை சிந்தெடிக் என்று எப்படி விற்கலாம்? விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999-இல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மூலக்கூறுகளை அந்த அளவுக்கு மாற்றியிருந்தால் அதுவும் சிந்தெடிக்தான். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் அந்த வழியில் இறங்கின. இன்று கடைகளில் "ஃபுல்லி சிந்தெடிக்" என்று அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி குரூப் 3 ஆயில்.

இது ஏமாற்று என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டீனும் டேவிஸும் 100 கொடுத்த பென்சில்வேனியா ஆயிலைத் தாண்டி, விஸ்காசிட்டி இண்டெக்ஸ் 120 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் குரூப் 3 என்று பெயர். பிஏஓவுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சைபீரியக் குளிரில் தெரியலாம். கிண்டி மேம்பாலத்தில் தெரியாது. ஆனால் வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று அறிந்திருக்க வேண்டும். டப்பா முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் அந்தச் சொல்லுக்காகக் கொடுக்காதீர்கள்.

பின்பக்கத்தில் இருக்கும் கிரேடையும் தரத்தையும் பாருங்கள். புது வண்டிகளுக்கு அவைதான் முக்கியம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாடு வந்தது. இன்ஜின் சிறியதாகி, பல வண்டிகளில் டர்போ ஏறியது, பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்ந்தது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். வண்டியை நிறுத்தியதும் அந்தச் சூட்டில் நின்று தாங்க வேண்டியது ஆயில்தான். நேரடி இஞ்செக்ஷன் டர்போவில், டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஸ்பார்க் வருமுன்னே கலவை தானாக வெடித்துப் பிஸ்டனையே உடைக்கக்கூடும். ஆயிலில் கரியைக் கழுவப் போட்ட கால்சியமே அதற்கு ஒரு காரணம் என்று கண்டு, அதில் ஒரு பகுதியை மெக்னீசியமாக மாற்றினார்கள். 2020 மே மாதம் வந்த, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ எஸ்பி தரத்தில் அதற்கான சோதனை இருக்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காக்கப் பாஸ்பரஸுக்கும் வரம்பு வைத்தார்கள். கையேட்டில் 0டபிள்யூ 20 என்று இருந்தால், சாதா ஆயிலா சிந்தெடிக்கா என்ற பேச்சே முடிந்துபோயிற்று. மணலி வழியில் காய்ச்சிய பேஸ் ஆயிலில் 0டபிள்யூ செய்ய முடியாது. அவ்வளவு மெல்லியதாக ஆக்கினால் ஆவியாகிவிடும்.

போன மாதம் ஒரு பையன் வாதாடினான். "அண்ணே, நம்ம ஊர்ல ஏது குளிரு? சைபருக்குப் பதிலா 20டபிள்யூ 40 ஊத்துனா இன்ஜின் இன்னும் சேஃப்தானே?" சொன்னேன்: "தம்பி, நூறு டிகிரியில ஓடுற இன்ஜினுக்கு நம்ம காலை முப்பது டிகிரியே குளிருதான். அந்த முப்பது டிகிரியில 20டபிள்யூ 40, உன் ஆயிலைவிட ரெண்டு மடங்குக்கு மேல கனம். மேல இருக்கற கேம் ஷாஃப்டுக்கு ஏற நேரமாகும். வால்வு டைமிங்கை மாத்தறது ஆயில் பிரஷர்தான். அதோட ஓட்டைங்க ஊசி மாதிரி இருக்கும்." அவன் வாங்கிக்கொண்டு போனான்.

பழைய மாருதி, பழைய டீசல் வண்டி வைத்திருப்பவருக்கு நல்ல கம்பெனி 15டபிள்யூ 40 அல்லது 20டபிள்யூ 40 போதும். நேரத்துக்கு மாற்றினால் சரி. சிந்தெடிக் ஊற்றி அவர் பெரிதாக எதையும் சம்பாதிக்கப் போவதில்லை. பிஎஸ் 6 டீசலில் புகை வடிகட்டி இருக்கும், அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில், ஐரோப்பிய ஏசிஇஏ தரத்தில் சி2 அல்லது சி3, எது கேட்டிருக்கிறதோ அதுவே வேண்டும். கிலோமீட்டர் விஷயத்தில் ஒன்று. சிந்தெடிக் என்றால் இருபதாயிரம் ஓடலாம் என்று விளம்பரம் பார்த்துவிட்டு வருகிறார்கள். மடிப்பாக்கத்திலிருந்து பக்கத்திலிருக்கும் வேளச்சேரிக்கு ஏசி போட்டுச் சிக்னலில் நின்று நின்று போகிற வண்டி முழுதாகச் சூடாவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் சேரும். அப்படிப்பட்ட வண்டிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு.

வெளி ஒர்க்ஷாப்பில் மாற்றுகிறவர்கள் சீல் டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். கிரேடு, ஏபிஐ எழுத்து, பேட்ச் நம்பர் தெரிய ஒரு படம் எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டியில் கேள்வி எழுந்தால் அந்த இரண்டையும்தான் கேட்பார்கள். காலி டப்பாவில் ஓட்டை போடாமல் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.