வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவிட்டு வரைந்த வரைபடம்

இளநிலை வகுப்பில் மரபியல் என்றதும் முதலில் வருவது பட்டாணி. பிறகு புன்னட் கட்டம், மூன்றுக்கு ஒன்று விகிதம். சில வாரங்கள் கழித்துப் 'பிணைப்பும் குறுக்கேற்றமும்' வரும்; அதை மதிப்பெண் வாங்கித் தரும் கணக்காகப் போட்டுப் பழகிவிட்டு மாணவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அந்தக் கணக்கை உலகில் முதன்முதலில் போட்டவரும் ஓர் இளநிலை மாணவர்தான்.

மெண்டல் தம் பட்டாணிக் கணக்கை 1865இல் புருனோ நகரில் வாசித்தளித்தார். உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850, வகுத்தால் 2.96. அடுத்த ஆண்டு அச்சேறிய அந்தக் கட்டுரையை 1900 வரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதன்பின் எல்லாம் வேகமெடுத்தது. பேட்சன் இத்துறைக்குப் பெயர் சூட்டினார். புன்னட் கட்டம் போட்டுக் காட்டினார். இவர்கள் இருவரும் சாண்டர்ஸ் அம்மையாரும் அலங்காரப் பட்டாணிச் செடிகளைக் கலந்தபோது விகிதம் இடறியது. ஊதாப் பூவும் நீண்ட மகரந்தமும் பிரியாமல் சேர்ந்தே வந்தன; எதிர்பார்த்த 9:3:3:1 விகிதம் கிடைக்கவில்லை. காரணம், அந்த இரு பண்புகளின் மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் இருந்ததுதான். பேட்சனோ நெடுங்காலம் குரோமோசோமையே நம்பாதவர்!

விடை நியூயார்க்கில் கிடைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விலங்கியலாளர் மார்கனின் 'ஈ அறை' பதினாறடிக்கு இருபத்து மூன்றடி. பால் புட்டிகள், அவற்றுக்குள் வாழைப்பழம், பழ ஈக்கள். 1910இல் சிவப்புக் கண் ஈக்களுக்கிடையே ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈ தென்பட்டது. அதன் இரண்டாம் தலைமுறையில் சிவப்புக் கண் பெண் ஈக்கள் 2,459, சிவப்புக் கண் ஆண் ஈக்கள் 1,011, வெள்ளைக் கண் ஆண் ஈக்கள் 782. வெள்ளைக் கண் பெண் ஈ ஒன்றுகூட இல்லை. கண் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமோடு போகிறது என்பது இப்படித்தான் தெளிவானது.

மார்கன் 1909இல் தொடக்கநிலை விலங்கியல் வகுப்பு எடுத்தார். ஸ்டர்டிவென்ட், பிரிட்ஜஸ் என்ற இரு மாணவர்கள் அந்த வகுப்பிலிருந்துதான் ஈ அறைக்கு வந்தார்கள். ஸ்டர்டிவென்டுக்கு நிறக்குருடு, ஈயின் கண் நிறத்தை வைத்து நடக்கும் ஆய்வில் அவர் சாதித்தது வேடிக்கைதான். 1911 இறுதியில் மார்கனோடு பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது: ஒரே குரோமோசோமில் இரு மரபணுக்கள் தள்ளித்தள்ளி இருந்தால் அவற்றுக்கிடையே குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) அதிகம் நடக்கும், அப்படியானால் அந்த விழுக்காட்டையே தூரமாகக் கொள்ளலாமே? வீட்டுக்குப் போனார், கல்லூரி வீட்டுப்பாடத்தை ஒதுக்கினார், இரவில் பெரும்பகுதி உட்கார்ந்து உலகின் முதல் மரபணு வரைபடத்தை வரைந்து முடித்தார்.

1913இல் வெளியான கட்டுரையில் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். மஞ்சள் உடலுக்கும் வெள்ளைக் கண்ணுக்கும் தூரம் 1.0. அங்கிருந்து செந்தூரக் கண் 29.7. அங்கிருந்து குறைவளர்ச்சி இறக்கை 26.9. கூட்டினால் 57.6. ஆனால் இரு முனைகளையும் நேரடியாக அளந்தபோது வந்தது 37.6 மட்டுமே. இங்கே பயந்து பின்வாங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். நடுவே இருமுறை குறுக்கேற்றம் நடந்தால் முனைகள் பழையபடி சேர்ந்துவிடும், ஆகவே நீண்ட தூரத்தின் நேரடி அளவு குறைவாகத்தான் தெரியும் என்று அவர் கண்டுகொண்டார். இன்று 'இரட்டைக் குறுக்கேற்றம்' என்ற தலைப்பில் மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

1915இல் மார்கனும் அவர் மாணவர்களும் எழுதிய நூல், 1925இல் பயிற்சிக் கணக்குகளோடு வந்த சின்னாட்–டன் பாடநூல் என மரபியல் வகுப்பறைக்குள் ஊன்றிக்கொண்டது. பாடவரிசை வரலாற்று வரிசையையே பின்பற்றியது. வழுக்கல்களும் தடுமாற்றங்களும்தான் வழியில் உதிர்ந்துவிட்டன. இது இழப்பு. விகிதம் பிசகிய இடங்களில்தான் இத்துறை வளர்ந்திருக்கிறது.

ஸ்டர்டிவென்டின் கட்டுரை மொத்தமே 17 பக்கம். பிணைப்புப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அதிலுள்ள எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மரபணுக்களின் வரிசையை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.