வேலை போனால் வீடும் போகும்

கெடா தோட்டப்புறங்களில் வீடு என்பது வேலையோடு ஒட்டி வந்தது. பெரட்டில் பேர் இருக்கும்வரை லயத்தில் இடம். பேர் வெட்டப்பட்டால் சட்டி பானையோடு கிளம்ப வேண்டியதுதான். சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தமிழர்களின் வீடற்ற நிலைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். பால்வெட்டைத் தவிர வேறு தொழில் பழகாத குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதைப் பார்த்துத்தான். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டமே கெடாவின் புக்கிட் சிடிம். வேலையும் கூரையும் ஒன்றாகக் காப்பாற்றப்பட்டன. ஆனால் எத்தனை தோட்டங்களைத்தான் ஒரு சங்கம் வாங்க முடியும்?

பின்னர் பாக்கார் ஆராங்கில் தொழிற்சாலைகள் எழுந்தன. ரப்பர்க் காடுகள் தாமான்களாயின. தோட்டத்துப் பிள்ளைகளைத் தொழிற்சாலை பஸ் ஏற்றிக்கொண்டது. நாற்பது வயது தாண்டிய பெற்றோரை யாரும் கூப்பிடவில்லை. 1961இல் அரசாங்கம் பெரிய அளவில் முதியோர் கல்வி வகுப்புகளைத் தொடங்கியது உண்மை. அவை பெரும்பாலும் கம்பங்களை நோக்கியவை. இன்றும் எஸ்.கே.எம். தொழில்திறன் சான்றிதழின் முதல் நிலைக்குப் பள்ளித் தேர்ச்சி கேட்பதில்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ பேச, எழுதத் தெரிந்தால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. தோட்டப் பள்ளியில் தமிழ் மட்டும் படித்து, பாதியில் கத்தி பிடித்தவருக்கு அந்த 'போதும்' ஒரு மதில் சுவர். தமிழில் தொடங்கி மலாய்க்கு அழைத்துச் செல்லும் வகுப்புதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

தெருவுக்கு வந்துவிட்டவர்களுக்கு 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம் உண்டு. மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் மூன்றாண்டு வரை நலக் காப்பகத்தில் வைக்கலாம். தொழில் பயிற்சியும் அங்கேதான், அதாவது வீடு போன பிறகு! தீபகற்பத்தில் அதற்கான டேசா பினா டிரி இல்லங்கள் ஜொகூரின் மெர்சிங்கிலும் பகாங்கின் ஜெராண்டுட்டிலும் உள்ளன. அறுபதைத் தாண்டி, பார்க்க ஆளில்லாதவர்களுக்குப் பீடோங்கிலேயே ரூமா ஸ்ரீ கெனாங்கான் முதியோர் இல்லம் இருக்கிறது. ஐம்பது வயதில் லயத்தை இழந்தவர் அதற்குள் நுழைய இன்னும் பத்தாண்டு காத்திருக்க வேண்டும்.